வாரம் ஒரு முறை போடும் சர்க்கரை ஊசி இன்சுலின் அல்ல

"வாரத்துக்கு ஒரு ஊசி போதுமாம், இனி தினமும் இன்சுலின் குத்த வேண்டாமாம்" என்ற பேச்சு கம்பம் பள்ளத்தாக்கு வரை வந்துவிட்டது. இதில் பாதிதான் உண்மை. மீதியை நம்பி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

1960-களில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சர்க்கரையை நரம்பில் ஏற்றுவதைவிட வாய்வழி கொடுக்கும்போது உடலில் அதிக இன்சுலின் சுரந்தது. அப்படியானால் உணவு வந்திருக்கிறது என்று கணையத்துக்குக் குடல் தகவல் சொல்ல வேண்டும். அந்தத் தகவலைக் கொண்டுபோகும் ஹார்மோன்களில் முக்கியமானது ஜி.எல்.பி-1. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால்தான் இது இன்சுலினைச் சுரக்கச் செய்யும். சர்க்கரை இறங்கியதும் தூண்டுவதைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து போடும் இன்சுலினுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது வேலை செய்யும்.

ஆனால் இந்த ஹார்மோனை அப்படியே மருந்தாக்க முடியவில்லை. டி.பி.பி-4 என்ற நொதி இதை இரண்டே நிமிடங்களில் சிதைத்துவிடும். (நம்மில் பலர் சாப்பிடும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன.) வழி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். அமெரிக்கப் பாலைவனத்து விஷப் பல்லியான ஹீலா மான்ஸ்டரின் நச்சில், இதே வேலையைச் செய்தும் எளிதில் சிதையாத ஒரு பொருளை 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற ஆய்வாளர் கண்டார். அதிலிருந்து வந்த எக்ஸனடைடு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல்லி என்றதும் தயங்க வேண்டாம், மருந்து ஆய்வகத்தில் தயாரிக்கப்படுவது.

எக்ஸனடைடைத் தினம் இரு முறையும், பின்னர் வந்த லிராகுளுடைடைத் தினம் ஒரு முறையும் போட வேண்டியிருந்தது. செமாகுளுடைடில் ஹார்மோனோடு ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியை இணைத்தார்கள். அது இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. வாரம் ஒரு ஊசி போதும் என்பதன் ரகசியம் இதுதான். இரண்டு குடல் ஹார்மோன்களின் வேலையைச் செய்யும் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது.

விடியும் முன் ஜீப்பில் கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒருவருக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. சாப்பாடு தள்ளிப்போனாலும் இந்த மருந்து மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் வாய்ப்பு குறைவு. கூடவே கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அவற்றின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊசி இன்சுலினைக் கொடுப்பதில்லை, சுரக்கத் தூண்டுகிறது. கணையத்தில் சுரப்பதற்கு ஏதாவது மிச்சமிருக்க வேண்டும். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கு இன்சுலினுக்கு மாற்று எதுவும் இல்லை.

சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தி 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு நீரிழிவு. அவர்களில் பலருக்கு இந்த ஊசியின் விலை எட்டாது. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், அதன் பிறகு விலை இறங்க வழி உண்டு. அதற்காக, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் மெட்ஃபார்மினை மட்டமாக நினைக்க வேண்டாம். அது இன்றும் முதல் வரிசை மருந்துதான்.

ரமளான் நோன்பு வைப்பவர்கள் கவனிக்க: தொடக்க வாரங்களில் குமட்டலும் வாந்தியும் வரலாம், பகலெல்லாம் தண்ணீர் குடிக்காதபோது அது உடலை வற்றச் செய்யும். எனவே நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கி அளவை நிலைப்படுத்த வேண்டும், நோன்புக்குள் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஏற்கனவே போடுபவர்கள் வாரத்தில் அந்த ஒரு நாள் இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். உடனே நோன்பைத் திறந்து கானாவிலக்கு அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ போய்விடுங்கள்.