அறுகம்பையின் ஐந்து மாதக் கணக்கு

2018-இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 2,333,796 பேர். 2024-இல் 2,053,465 பேர். பழைய உச்சத்தில் 88 சதவீதம். கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு இது மீட்சி. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று தெற்கே இறங்கிப் பொத்துவிலில் முடியும் கரையில் இருப்பவர் இதே எண்ணை மாதம் மாதமாகப் பிரித்துத்தான் வாசிக்க வேண்டும்.

காரணம் காற்று. வாடை மாரியைக் கொண்டுவரும் மாதங்களில் இந்தக் கடல் கொந்தளிக்கும். கச்சான் வீசும் மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. பொத்துவிலை ஒட்டிய அறுகம்பைக் குடாவில் அலைச்சறுக்கலின் பருவம் அதுவே. காலி, ஹிக்கடுவைப் பக்கம் எல்லாம் இதற்கு நேர்மாறு.

2018-இல் ஜனவரி, பெப்ரவரி, மார்ச், நவம்பர், டிசம்பர் ஆகிய குளிர்கால ஐந்து மாதங்களில் வந்தவர்கள் 1,156,675 பேர். ஆண்டு வருகையில் 49.6 சதவீதம். மே முதல் செப்டம்பர் வரையான ஐந்து மாதங்களில் வந்தவர்கள் 843,569 பேர், 36.1 சதவீதம். ஐந்து மாதம் என்பது ஆண்டில் 41.7 சதவீதம். பருவம் தொடங்கும் மே மாதத்துக்குக் கிடைத்தது 129,466. அந்த ஆண்டின் மிகக் குறைந்த மாத எண் அது. அப்படி வந்தவரும் அறுகம்பைக்குக் கொழும்பிலிருந்து சுமார் 320 கிலோமீற்றர் வர வேண்டும். காலிக்கு சுமார் 120 கிலோமீற்றர் போதும். ரயிலோ மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் பருவம் திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது நிகழ்ந்தன. மே மாத வருகை 129,466-இலிருந்து 37,802 ஆனது, 70.8 சதவீத வீழ்ச்சி. மே முதல் செப்டம்பர் வரையான கூட்டுத்தொகை 468,737. முந்தைய ஆண்டைவிட 44.4 சதவீதம் குறைவு. ஆண்டு முழுவதற்கும் குறைவு 18 சதவீதம்தான். ஆண்டில் இழந்த 420,094 பேரில் 374,832 பேர், அதாவது 89.2 சதவீதத்தினர், இந்த ஐந்து மாதங்களுக்கு உரியவர்கள். காலி போன்ற குளிர்காலக் கரைகளுக்கு நவம்பர் வரை மூச்சுவிட அவகாசம் இருந்தது, கிழக்குக்கு இருக்கவில்லை.

ஆழிப்பேரலை ஆண்டோடு ஒப்பிட்டால் ஒரு விநோதம் தெரியும். 2004 டிசம்பர் 26-இல் நாடு இழந்த 30,000-க்கும் அதிகமான உயிர்களில் மூன்றில் ஒரு பங்கு, 10,000-க்கும் மேல், அம்பாறை மாவட்டத்துடையவை. ஆனால் 2004-இல் 566,202 ஆக இருந்த பயணி வருகை 2005-இல் 549,308 ஆனது. 3 சதவீதமே குறைவு. நிவாரணப் பணிக்கு வந்த வெளிநாட்டவரும் அதில் சேர்ந்தார்கள் என்பது ஒரு விளக்கம். வருகைக் கணக்கு கரையின் துயரை அளக்கும் கருவி அல்ல என்பது மட்டும் உறுதி.

இனி மீட்சி. 2024-இல் குளிர்கால ஐந்து மாதங்களுக்கு வந்தவர்கள் 1,068,534 பேர். 2018 அளவில் 92.4 சதவீதம். மே முதல் செப்டம்பர் வரை 700,157 பேர், 83 சதவீதம். 2018-ஐ எட்ட இன்னும் வேண்டியிருந்த 280,331 பேரில் 143,412 பேர், பாதிக்கு மேல், கச்சான் மாதங்களின் பற்றாக்குறை. இவை நாடளாவிய எண்கள். கண்டிப் பெரஹராவுக்கு வருபவரும் இவற்றில் அடக்கம். எனவே அறுகம்பையின் நிலை இதைவிட மேலாகவும் இருக்கலாம், கீழாகவும் இருக்கலாம். 2024 ஒக்டோபர் 23-இல் அறுகம்பையைக் குறித்து அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்தது. அந்த மாத நாட்டு வருகை 135,907, செப்டம்பரைவிட 11.3 சதவீதம் அதிகம். ஒரு குடாவுக்கு நேர்ந்தது நாட்டின் எண்ணில் தெரிவதில்லை.

தலைக்கு வரும் காசும் குறைந்தது. உல்லாசப் பயணத்துறையின் வருமானம் 2018-இல் 4,381 மில்லியன் டொலர். ஒருவருக்கு 1,877 டொலர். 2024-இல் 3,169 மில்லியன். ஒருவருக்கு 1,543 டொலர். ரூபாயில் சுமார் 3 இலட்சம் 4.66 இலட்சமாகி ஒன்றரை மடங்கு உயர்ந்தது. அதே காலத்தில் விலைவாசி ஏறக்குறைய இரு மடங்கானது. உண்மை மதிப்பில் ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது.

இந்தக் கணக்கில் சேராத வருகையும் இந்தக் கரைக்கு உண்டு. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் நடக்கும் 12 நாள் கொடியேற்ற விழாவுக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தில் வருவதால் ஆங்கில நாட்காட்டியில் அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். 2024-இல் டிசம்பர் தொடக்கத்தில் வந்த அம்மாதம் 2030-இல் செப்டம்பர் இறுதியில் பிறக்கும்; அறுகம்பையின் பருவம் முடியுமுன்னே. பொத்துவிலிலிருந்து கல்முனைக்குச் சுமார் 70 கிலோமீற்றர். விழாவுக்குக் கூடும் உள்ளூர்ச் சனம் மேலே உள்ள எந்த எண்ணிலும் இல்லை.