கிளர்ச்சியை அடக்கும் ராணுவம் பெரும்போரை மறந்துவிடுமா?

1999 மே மாதம் பாகிஸ்தான் ஊடுருவலை முறியடிக்கக் கார்கிலுக்கு அவசரமாக அனுப்பப்பட்ட படைகளில் பல, அதுவரை காஷ்மீர் பள்ளத்தாக்கில் தீவிரவாதிகளைத் தேடிக்கொண்டிருந்தவை. டோலோலிங் சிகரத்தில் 18 கிரனேடியர்ஸ் பட்டாலியன் முதலில் ஏறியபோது போதிய பீரங்கித் துணை இல்லை; இழப்பு கடுமையாக இருந்தது. எதிரியின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டதும் அதற்கு ஒரு பெரிய காரணம். ஜூன் 13 அன்று 2 ராஜபுதன ரைஃபிள்ஸ் அச்சிகரத்தைப் பிடித்தது, பீரங்கிகள் அதைச் சல்லடையாகத் துளைத்த பிறகுதான்.

கிளர்ச்சியை அடக்குவதும் பெரும்போர் நடத்துவதும் வேறு வேறு தொழில்கள். ஊரைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடும் பணி சிறு குழுக்களால் நடப்பது. மக்கள் நடுவே பீரங்கியைத் தொட முடியாது, சுடுவதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். பெரும்போரிலோ காலாட்படை, டாங்கி, பீரங்கி, விமானம், பொறியாளர் பிரிவு எல்லாம் நிமிடக் கணக்கில் ஒத்திசைய வேண்டும். முன்னேறும் வீரர்களுக்குச் சற்று முன்னால் குண்டுகள் விழ வேண்டும். அவர்கள் இலக்கை நெருங்கியதும் குண்டுவீச்சு நிற்க வேண்டும். இந்த ஒத்திசைவு பயிற்சியில் மட்டுமே வரும். பயிற்சி நின்றால் முதலில் தேய்வதும் இதுதான்.

இஸ்ரேல் இதற்குக் கொடுத்த விலை அதிகம். 2000-ல் தொடங்கிய பாலஸ்தீனக் கிளர்ச்சியான இரண்டாம் இன்டிஃபாடாவுக்குப் பின் அதன் தரைப்படை பாலஸ்தீனப் பகுதிகளில் சோதனைச் சாவடியிலும் தேடுதல் வேட்டையிலும் காலம் கழித்தது. செலவுக் குறைப்பில் டாங்கிப் படையின் பயிற்சியும் சுருங்கியது. 2006-ல் லெபனானில் ஹிஸ்புல்லாவின் கோர்னெட் ஏவுகணைகள் சாலூக்கி பள்ளத்தாக்கில் மெர்காவா டாங்கிகளைத் தாக்கின. டாங்கிகளை மறைக்கும் புகைத்திரையைக்கூடப் பலர் பயன்படுத்தவில்லை. அந்த மோதலில் 12 வீரர்கள் இறந்தனர். தரைப்படையின் ஆயத்தக் குறைவை, அந்தப் போரை விசாரித்த வினோகிராட் ஆணையம் பின்னர் கடுமையாகச் சாடியது.

ஆனாலும் கிளர்ச்சிப் பணியால் கேடு மட்டுமே என்பது சரியல்ல. இளம் அதிகாரி துப்பாக்கிச் சூட்டின் நடுவே முடிவெடுக்கக் கற்பதும், வீரருக்கு மலையும் குளிரும் பழகுவதும் அங்குதான். கார்கிலில் அந்தத் துணிச்சல் பயன்பட்டது. தேய்வது தனிவீரரின் திறனல்ல. பட்டாலியனுக்கு மேலே, பெரிய படைகளை ஒருங்கிணைத்து நடத்தும் தளபதிகளின் கைப்பழக்கம்.

இந்தியா இதை முன்பே உணர்ந்திருந்தது. 1990-ல் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் என்ற கிளர்ச்சி எதிர்ப்புப் படையைத் தொடங்கியதே, வழக்கமான பட்டாலியன்களை இப்பணியிலிருந்து விடுவிக்கத்தான். ஆனால் அதற்கும் வீரர்கள் அதே ரெஜிமென்ட்டுகளிலிருந்துதான் சில ஆண்டுகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு, உள்நாட்டுக் கிளர்ச்சியில் ராணுவம் இவ்வளவு மூழ்குவது எல்லைக் காவல் என்ற முதல் கடமைக்கான ஆயத்தத்தைப் பாதிக்கும் என எச்சரித்தது. 2020-ல் சீனாவுடன் நடந்த கல்வான் மோதலுக்குப் பின், ஜம்மு பகுதியில் கிளர்ச்சி எதிர்ப்புப் பணியிலிருந்த ஒரு படையை லடாக் எல்லைக்கு மாற்ற வேண்டிவந்தது.

இதைச் சரிசெய்ய, காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து திரும்பும் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் டாங்கி, பீரங்கியோடு சேர்ந்த முழுப் பயிற்சிக்குக் குறுக்கீடில்லாத காலம் ஒதுக்கப்பட வேண்டும். உள்நாட்டுப் பணியின் பெரும்பங்கை மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் மாநிலக் காவல்துறையும் ஏற்க வேண்டும். நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு நிதியை விவாதிக்கும் உறுப்பினர்கள், எத்தனை விமானம் வாங்கினோம் என்று கேட்பதோடு, தரைப்படை ஆண்டுக்கு எத்தனை நாள் முழுப் படையாகப் பயிற்சி செய்தது என்றும் கேட்க வேண்டும்.