பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்

போன மாதம் பெங்களூரு அடுகோடியில் என்னிடம் ஓர் அம்மா தன் ஐந்து வயது மகனை அழைத்து வந்தார். பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. “டாக்டர், ரெண்டு வருஷமா டெய்லி ராகம் போட்டு வெக்கிறோம், பேச்சு வந்துடும்னு சொன்னாங்க” என்றார். சோதித்தால் இரண்டு காதிலும் கடுமையான செவித்திறன் குறைபாடு. அந்த ராகம் எதுவும் அவனைப் போய்ச் சேரவே இல்லை.

இவன் முதல் ஆள் அல்ல. ஓசூர் சாலையில் நிமான்ஸ், கோரமங்கலா பக்கம் செயின்ட் ஜான்ஸ் என்று மருத்துவமனைகள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இப்படித் தாமதமாக வருகிறார்கள்.

எந்த ராகமும் மருந்துச் சீட்டு அல்ல

மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு 1993-இல் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். கேட்டது பத்து நிமிடம், கிடைத்த பலனும் சில நிமிடங்களில் மறைந்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தை யாரும் அதில் இல்லை.

ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை ஒன்பது நாடுகளில் வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. இசைச் சிகிச்சை ஐந்து மாதம் கொடுத்தும், வழக்கமான கவனிப்பைவிடச் சமூகத் தொடர்புக் குறைபாடு கூடுதலாகக் குறையவில்லை. பின்னர் 2022-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அறிக்கை, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசைச் சிகிச்சை உதவக்கூடும் என்றது. அந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, அது தட்டினால் தானும் தட்டி, நிறுத்தினால் தானும் நிறுத்துகிறார். மூலையில் ஓடும் போன் அதைச் செய்யாது.

இன்னொரு தவறு உயிரோடு விளையாடுவது. பாட்டு வகுப்பில் சேர்த்த பிறகு மகளுக்கு வலிப்பு வரவில்லை என்று மாத்திரையை நிறுத்தினார் ஒரு தந்தை. அரை மணி நேரம் நிற்காத வலிப்போடு அவளைத் தூக்கி வந்தார். வலிப்பை அடக்கியது மாத்திரை ஐயா, பாட்டு அல்ல! இன்னும் சிலர், கூட்டத்துக்குப் போகும் முன் பிள்ளை அமைதியாக இருக்கட்டும் என்று இருமல் சிரப் ஊற்றுகிறார்கள். பேச்சு வர நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். எத்தனை முறை சொல்வது?

நல்ல பயிலரங்கு எப்படி இருக்கும்

மாற்றுத்திறனாளிகளுக்கான இசைப் பயிலரங்கு ஒன்றை இங்கே ஒரு கூடத்தில் பார்த்தேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு முறையும் அதே பாட்டு. பாதிப் பேர் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் பேசுகிறவர்கள் என்பதால் இரண்டு மொழியிலும் பாடினார்கள். பெருமூளை வாதம் உள்ள ஓர் இளைஞர் தன் முறைக்குக் காத்திருந்து மேளத்தைத் தட்ட வெகுநேரம் ஆனது. யாரும் அவர் கையைப் பிடித்துத் தட்டவைக்கவில்லை. அந்தப் பொறுமைக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

தொட்டுப் பார்க்கத் தட்டில் கேழ்வரகு, பிசைந்த களிமண், முகர்ந்து பார்க்க ஏலக்காய், கொத்தமல்லி. ஒரு சிறுமி கேழ்வரகைத் தொடவே மறுத்தாள். கரண்டியைக் கொடுத்ததும் கிளறத் தொடங்கினாள். மேளச் சத்தத்துக்கு அவள் காதைப் பொத்தியபோது சத்தத்தைக் குறைத்தார்கள். காதைப் பொத்துவது அடம் அல்ல, அவளுக்கு அது வலி.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண ஜெல் மணிகள் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் குடலில் வீங்கி அடைத்துக்கொள்ளும். வேர்க்கடலை, மொச்சை போன்றவை மூச்சுக்குழலில் போய்விடும். வலிப்பு உள்ளவர் இருக்கும் இடத்தில் மின்னி மின்னி அணையும் விளக்கும் கூடாது.

பயிலரங்கில் சேர்க்கும் முன், முதலில் காது, கண், பேச்சுப் பரிசோதனை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை இந்த வாரமே கூட்டி வாருங்கள், அம்மா. பாட்டு வகுப்புக்கும் அனுப்புங்கள், வலிப்பு இருந்தால் மாத்திரையையும் தவறாமல் கொடுங்கள். முதல் நாளே வகுப்பு நடத்துபவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வலிப்பு உண்டா, எந்தச் சத்தத்துக்குப் பயம், எதையெல்லாம் வாயில் போடுவான் என்று.

முதலில் சொன்ன அந்தப் பையனுக்கு இப்போது காதுக் கருவி பொருத்தியிருக்கிறோம், பேச்சுப் பயிற்சியும் தொடங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் பயிலரங்குக்குப் போகிறான். மேளத்தின் தோலில் உள்ளங்கையை வைத்து அதிர்வை உணர்ந்து சிரிக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார்.