தட்டில் உறங்கும் சரக்கு

சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹற்றன் பஸ் நிலையத்தருகே ஒரு மணி நேரம் நின்று பார்ப்போர்க்கு மலையகத்தின் வாணிபம் முழுவதும் கண்முன் நடந்தேறும். பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் பஸ்கள் மூச்சுமுட்ட வந்து நிற்கின்றன. கையிலே வெற்றுப் பையும், பையினுள் மடித்த சாமான் சிட்டையுமாகத் தாய்மார் இறங்குகின்றனர். கோதுமை மா, சீனி, பருப்பு, நெத்தலி, சவர்க்காரம், பிள்ளைக்கு ஒரு சோடி பள்ளிச் சப்பாத்து என நீளும் அச்சிட்டையில் முக்கால் பங்கு கிடைத்துவிடும். சப்பாத்து மட்டும் அளவில் இராது. “அடுத்த வாரம் வாருங்கள் அம்மா” என்பார் கடை முதலாளி. அடுத்த வாரம் வருவதென்றால் மீண்டும் பஸ் கட்டணம். வேலை நாளாயின் ஒரு பேரும் போய்விடும். ஆகவே அவ்வம்மை வருவதில்லை. பிள்ளை பழைய சப்பாத்துடனேயே பள்ளி செல்கிறது.

இதிலுள்ள வேடிக்கை யாதெனில், அதே அளவுச் சப்பாத்து அதே தெருவில் நான்கு கடை தள்ளியோ, தலவாக்கலையில் அம்முதலாளியின் தம்பி கடையிலோ தூசி படிந்து கிடக்கக்கூடும் என்பதே. வாங்குபவர்க்கு அது தெரியாது. விற்பவர்க்கும் பல வேளைகளில் நினைவிராது. பொருள் இருக்கிறது, பணம் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை. இச்சந்திப்பை உண்டாக்கும் வழியையே இன்று உலகின் பெருங்கடைகள் பெரும்பணம் செலவிட்டுப் பழகி வருகின்றன. கடையில் ஏற்கெனவே உள்ள சரக்கை முன்கூட்டி அறிவித்து, வாடிக்கையாளர் பெயருக்கு எடுத்து வைத்து, அவர் வந்து பெற்றுச்செல்லச் செய்வதே அம்முறை. புதுமை என்று அதனைக் கொண்டாடுவோர் நம் மலைநாட்டின் பழங்கதையை அறியார்.

1844 ஆம் ஆண்டில் வில்லியம் மில்ன் என்பார் கண்டியில் ஒரு பண்டசாலை தொடங்கினார். கோப்பித் துரைமாருக்கு வேண்டிய பொருள்களை விற்ற கடை அது. பின்னர் டேவிட் சைம் கார்கில் கூட்டுச் சேர, அதுவே கார்கில்ஸ் நிறுவனமாயிற்று. நுவரெலியாவில் அந்நிறுவனத்தின் பழைய கட்டடம் இன்றும் கடையாகவே நிற்கிறது. புகையிரதப் பாதை 1884 இல் ஹற்றனையும் மறு ஆண்டு நானுஓயாவையும் எட்டியபோது கொழும்புச் சரக்கு மலையேறத் தொடங்கிற்று. ஆயினும் நிலையத்திலிருந்து தோட்டத்திற்கு எப்படிப் போவது? அதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தனர். துரை பங்களாவிலிருந்து விடியற்காலையில் சிட்டையோடு டவுனுக்குப் புறப்பட்டு, இறைச்சியும் ரொட்டியும் தபாலும் நிறைந்த பெட்டியைச் சுமந்துகொண்டு மேட்டுவழியே மீள்வது அவன் தொழில். கடையிலே பொருள் கட்டி ஆயத்தமாக இருக்கும். அவன் காத்து நிற்க வேண்டியதில்லை. இன்றைய ‘முன்பதிவு செய்து பெற்றுச்செல்லல்’ இதுவன்றி வேறென்ன? துரைக்குக் கிடைத்த அந்த வசதி லயத்திற்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. லயத்து மக்களுக்குத் தோட்டத்து அரிசியும் கடைக்காரரின் கடன் கொப்பியுமே வாய்த்தன.

பிறநாட்டுக் கதையொன்றையும் இங்கு சொல்ல வேண்டும். 1984 ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் நகரில் எழுபத்திரண்டு வயதான ஜேன் ஸ்னோபோல் என்னும் மூதாட்டியார் தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் பொத்தானை அழுத்தி மாஜரினும் சோளப்பொரியும் முட்டையும் கேட்டார். தொலைபேசிக் கம்பி வழியே அச்சிட்டை டெஸ்கோ கடையைச் சென்றடைந்தது. அவ்வூர்க் கடையிலேயே பொருள்கள் எடுக்கப்பட்டு வீட்டிற்கு வந்து சேர்ந்தன. இதற்கெனத் தனிக் களஞ்சியம் எழுப்பப்படவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1999 இல், அமெரிக்காவில் வெப்வான் என்னும் நிறுவனம் எதிர்வழியிற் சென்றது. கடையே வேண்டாம் என்றது. ஓக்லண்டில் இயந்திரங்கள் நிறைந்த மாபெருங் களஞ்சியம் கட்டிற்று. பிற நகரங்களிலும் அதுபோற் கட்ட முனைந்தது. கட்டிய களஞ்சியத்தின் செலவைத் தாங்கும் அளவுக்கு விற்பனை வரவில்லை. 2001 ஜூலையில் கதவை மூடிற்று. அதே காலத்தில் டெஸ்கோ தன் கடைத் தட்டுகளிலிருந்தே பொருள் பொறுக்கிக் கட்டி அனுப்பிக் கொண்டிருந்தது. அதன் வியாபாரம் நிலைத்தது. செல்வம் மிக்க நாட்டிலேயே இதுதான் நடந்ததென்றால், கொட்டகலைச் சந்தியில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருப்பவர் புதுக் கட்டடத்தைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. கையிலுள்ளதை எண்ணினால் போதும்.

மாணவர்கள் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு கடையில் எப்போதும் சுமார் ஆறு இலட்சம் ரூபாச் சரக்கு இருப்பதாகக் கொள்வோம். ஆண்டில் முப்பத்தாறு இலட்சம் ரூபாக் கொள்விலையுள்ள பொருள் விற்றால், சரக்கு ஆறு தடவை புரளுகிறது. ஒவ்வொரு பொருளும் சராசரி இரண்டு மாதம் தட்டில் உறங்குகிறது. நூற்றுக்குப் பத்து இலாபமானால் வருவது மூன்று இலட்சத்து அறுபதினாயிரம். சரக்கைக் கூட்டாமலே எட்டுத் தடவை புரளச் செய்தால் இலாபம் நான்கு இலட்சத்து எண்பதினாயிரமாகும். கடை வாடகை ஏறவில்லை. முதலுக்கு வாங்கிய கடனின் வட்டியும் ஏறவில்லை. முன்னர் ‘இல்லை’ என்று கேட்டுத் திரும்பிய வாடிக்கையாளர் இப்போது திரும்பாமையே அந்த மிகுதி.

சொல்வதற்கு எளிதாயினும், செய்வதில் ஓர் இடர் உண்டு. கொப்பியில் பன்னிரண்டு என்று இருக்கும். தட்டில் ஒன்பதே இருக்கும். உடைந்தது, எலி கடித்தது, வீட்டுக்கு எடுத்தது, எழுத மறந்தது எனக் காரணம் பலவாம். பெருங்கடைகளும் இந்நோயினின்று தப்பியவை அல்ல. “இருக்கிறது, வாருங்கள்” என்று சொல்லி அழைத்துவிட்டு, மலைவழியே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தவரிடம் கையை விரிப்பது, முதலிலேயே ‘இல்லை’ என்பதினும் கொடிது. ஆகவே பொருளைத் தட்டிலிருந்து எடுத்து, பெயரெழுதிப் பையிலிட்டுத் தனியே வைத்த பின்னரே ‘இருக்கிறது’ என்னும் சொல் வாயினின்று வரவேண்டும். ஆண்டுக்கொருமுறை சரக்கெண்ணுவது போதாது. நாளுக்கு ஒரு தட்டாக எண்ணிவந்தால் மாதத்திற்குள் கடை முழுவதும் எண்ணி முடியும்.

2020 மார்ச்சு மாதம் கொரோனாவின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அப்போது நகரக் கடைகள் தொலைபேசியில் சிட்டை பெற்றுப் பொருள் வழங்கப் பழகின. கொழுந்தெடுப்பு மட்டும் நின்றுவிடவில்லை. ஆகவே தோட்டத்தில் வேலை இருந்தது, கடைக்குப் போக வழிதான் இருக்கவில்லை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து பஸ் கட்டணமும் லொறிக் கூலியும் ஏறியபோது, வெறுங்கையோடு திரும்பும் பயணத்தின் விலை எல்லோர்க்கும் விளங்கிற்று. இன்று லயங்களிலும் கைத்தொலைபேசி உண்டு. பள்ளி செல்லும் மகளோ மகனோ சாமான் சிட்டையைத் தமிழில் எழுதி, படமாக எடுத்து அனுப்பிவிட இரண்டு நிமிடம் போதும்.

கடன் கொப்பியின் நிலை என்னாகும் என்று கேட்போருண்டு. நல்ல கேள்வியே. மில்ன் கண்டியில் கடை திறந்த அதே 1844 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளர் சிலர் கூடிக் கூட்டுறவுக் கடையொன்று திறந்தனர். வெண்ணெய், சீனி, மா, மெழுகுவர்த்தி போன்ற சில பொருள்களே அங்கு இருந்தன. கைக்காசுக்கே விற்பனை என்பது அவர்கள் விதி. வறியவர்களே அவ்விதியை வகுத்துக்கொண்டனர் என்பது கருதத்தக்கது. கடனுக்கு விற்கும் கடை வராத பணத்தின் நட்டத்தையும் விலையிலே சேர்த்துத்தான் ஆகவேண்டும். எனினும் மாத நடுவில் கைக்காசு கேட்டால் நம் தாய்மார் எங்கே போவர்? பத்தில் ஒரு பங்கு முன்பணம் பெற்று, மீதியைப் பொருள் எடுக்கும்போது பெறுவது நடுவழியாகத் தோன்றுகிறது. எடுத்து வைத்த பொருளுக்கும் தவணை வேண்டும். மூன்று நாளில் வராவிடில் பை மீண்டும் தட்டுக்குப் போகும், முன்பணம் அடுத்த சிட்டைக்கு நிற்கும் என்று கடைச் சுவரிலே எழுதி வைக்கட்டும்.

பெற்றுச்செல்லும் இடம் டவுனாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. தோட்டத்துச் சந்தியிலுள்ள சில்லறைக் கடைக்கு ஒரு சிறு தரகு கொடுத்தால், பத்துக் குடும்பத்தின் பைகளும் ஒரே பஸ்ஸில் அங்கு வந்திறங்கும். நேரம் மட்டும் கடைக்காரரின் வசதிக்கன்றிக் கொழுந்தெடுப்போரின் வசதிக்கு அமைய வேண்டும். மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து, கூடையை இறக்கி, பிள்ளைமடுவத்திலிருந்து குழந்தையையும் அழைத்துக்கொண்டு சந்திக்கு வரும்போது ஐந்தரை ஆகிவிடும். ஐந்து மணிக்கே பலகை அடைக்கும் கடைக்கு இது உதவாது.