மலை ஏறினால் சிலருக்கு மட்டும் ஏன் நுரையீரலில் நீர் கோக்கிறது?

1962-ல் சீனாவுடன் போர் மூண்டபோது, சமவெளியில் இருந்த இந்தியப் படைவீரர்கள் அவசர அவசரமாக லடாக்கின் உயரங்களுக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். உடல் பழக அவகாசமில்லை. திடகாத்திரமான இளைஞர்கள் சிலர் ஓரிரு நாளில் மூச்சு முட்டி, நுரையும் ரத்தமுமாகச் சளி துப்பினார்கள். இந்தர் சிங்கும் சக ராணுவ மருத்துவர்களும் 1965-ல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய 332 பேரை விவரித்தார்கள். இதைப் பல காலம் நிமோனியா என்றே நினைத்திருந்தார்கள். மலையேறியும் மருத்துவருமான அமெரிக்கர் சார்லஸ் ஹூஸ்டன் 1960-ல் எழுதிய பிறகே, உயரத்தால் வரும் தனி நோய் இது என்பது பரவலாகத் தெரிந்தது. உடன் போன பெரும்பாலோர் நன்றாக இருக்க, சிலருக்கு மட்டும் ஏன் வந்தது? நுரையீரல் பலவீனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சான்றுகள் காட்டுவது, நல்லதொரு தற்காப்பு அளவு மீறிப் போவதையே.

நுரையீரலின் ஒரு மூலையில் ஆக்சிஜன் குறைந்தால், அங்கே போகும் சிறு தமனிகள் சுருங்கி, காற்று நன்றாக உள்ள பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடும். சளி அடைத்த மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? மலை மேலோ எல்லா மூலையிலும் ஆக்சிஜன் குறைவு. தமனிகள் எங்கும் சுருங்க, நுரையீரலுக்குள் ரத்த அழுத்தம் ஏறுகிறது. எல்லோருக்கும் ஏறும், சிலருக்கு மிதமிஞ்சி ஏறும். அந்தச் சுருக்கம் சீராகவும் இருப்பதில்லை. பாதி மதகுகளை அடைத்தால் திறந்த மதகில் வெள்ளம் சீறுவதுபோல, குறைவாகச் சுருங்கிய பகுதிகளில் ரத்தம் பாய்ந்து, மெல்லிய நுண்நாளச் சுவர்கள் கசிகின்றன. பிறவியிலேயே ஒரு பக்க நுரையீரல் தமனி இல்லாத நால்வருக்கு, அவ்வளவாக உயரமில்லாத இடத்திலேயே இந்நோய் வந்ததாக 1980-ல் ஓர் ஆய்வு வெளியானது. ரத்தம் முழுவதும் ஒரே நுரையீரலில் போய் முட்டியதுதான் அவர்களுக்கு வினையானது.

அழுத்தம்தான் காரணமென்றால், அதைக் குறைத்தால் நோய் வரக்கூடாது. இத்தாலி–சுவிட்சர்லாந்து எல்லையில் மோன்டே ரோசா மலையின் 4,559 மீட்டர் உயரத்திலுள்ள மார்கெரிட்டா குடிலில் இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே இந்நோய் கண்ட 21 பேர் ஒரு நாளுக்குள் வேகமாக ஏறினார்கள். வெற்று மாத்திரை விழுங்கிய 11 பேரில் 7 பேருக்கு நீர் கோத்தது; ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நிஃபெடிபின் எடுத்த 10 பேரில் ஒருவருக்கு மட்டுமே. முடிவு 1991-ல் வெளியானது. மூல காரணம் அழற்சியாக இருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு 2002-ல் பதில் கிடைத்தது: நோயின் தொடக்கத்திலேயே நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் புரதமும் சிவப்பணுக்களும் நிறைய இருந்தன, அழற்சியின் தடயம் இல்லை. இதயத்தின் இடப்பக்க அழுத்தமும் இயல்பாகவே இருக்கிறது. எனவே இதயம் தளர்ந்து வரும் நீரும் அல்ல.

வேகமாக ஏறினால் யாருக்கும் வரலாம், இதில் உடல்வாகுக்கு என்ன பங்கு என்பது வலுவான ஆட்சேபம். முன்பு நோய் கண்டவர்கள் மீண்டும் அந்தக் குடிலுக்கு வேகமாக ஏறினால் சுமார் 60 சதவீதத்தினருக்குத் திரும்ப வருகிறது. பொதுவான மலையேறிகளிடம் இது மிகக் குறைவு. ஆகவே உடல்வாகு உண்டு. ஆனால் அதே ஆட்கள் நாளுக்கு 300, 350 மீட்டர் என்று நிதானமாக ஏறி, 7,000 மீட்டர் வரை நோயின்றிப் போயிருக்கிறார்கள். உடற்பயிற்சியும் இங்கே காப்பதில்லை; நல்ல தெம்புள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அதுவே எதிராகவும் திரும்பலாம். மாத்திரை இருக்கும்போது வேகம் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பவர், அதை எடுத்தும் நீர் கோத்த அந்தப் பத்தில் ஒருவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.