மலைக்கு விதி உண்டு, ஆற்றுக்கு?

விடுமுறை என்றாலே கொடைக்கானல் என்று கிளம்பிய திருச்சி இளைஞர்கள் இப்போது பக்கத்து மலைகளைத் தேடிப் போகிறார்கள். துறையூரைத் தாண்டி சோபனபுரம் வழியாக ஏறினால் பச்சைமலை. மரவள்ளிக் கொல்லைகள், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், மழைக்காலத்தில் உயிர்பெறும் மங்கலம் அருவி என்று ஒரு நாள் போவதே தெரியாது. பாறை தாவி நடக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறுதான் இங்கே ஓடையாக இறங்கி வருகிறது.

புளியஞ்சோலையில் தண்ணீரின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். அடிவாரத்தில் வெயில் காய்ந்தாலும் மலைமேல் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த ஓடையில் முதலில் சருகுகள் வரும். பிறகு தண்ணீர் கலங்கும். அதற்குள் மட்டமும் ஏறிவிடும். விவரம் தெரிந்தவர்கள் சருகைக் கண்டதுமே கரையேறிவிடுவார்கள்.

ஆனாலும் மலைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 பேரைப் பலிகொண்ட பிறகு மலையேற்றத்துக்கு அனுமதி, வழிகாட்டி என்று விதிகள் வந்தன. நம் வாசலில் ஓடும் ஆற்றுக்கு அப்படி எதுவும் இல்லையே என்பதுதான் என் கவலை.

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கல்லணை வரை பக்கம் பக்கமாகப் போகின்றன. மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தோப்புகள், நாணல் திட்டுகள் என்று கரையோரம் நடப்பதற்கு அருமையான வழி. கொள்ளிடம் வெள்ள வடிகால். மேட்டூர் அணை நிரம்பி வழிந்தால் காவிரி தாங்காத நீர் இதில்தான் திருப்பிவிடப்படும். மற்ற நாட்களில் பெரும்பாலும் மணல்வெளி. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளம் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகளை அடித்துக்கொண்டு போனது. ஸ்ரீரங்கம் அருகே பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன.

வெள்ளம் வந்தால் ஊரே எச்சரிக்கையாகிவிடுகிறது. அது வடிந்த பிறகு மிஞ்சும் அமைதியான தண்ணீரில்தான் உயிர்கள் போகின்றன. மணல் அள்ளிய குழிகளைத் தண்ணீர் மூடிவிடுவதால் மேலே எல்லாம் சமமாகத் தெரியும். முழங்கால் அளவில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் ஆளை மூடும் ஆழத்தில் விழுகிறான். குழியின் விளிம்பும் மணல்தான். ஏற முயன்று கால் ஊன்றினால் சரிகிறது. கைகொடுக்கப் போகும் நண்பனும் அதே விளிம்பில் நின்றுதான் வழுக்குகிறான். ஒரே வீட்டில், ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்விடும் கொடுமைக்கு இதுவே காரணம்.

மணல் இல்லாமல் வீடு கட்டுவது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. வீடு கட்டத்தான் வேண்டும். அதற்காகத் தோண்டிய குழியை அப்படியே விட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை.

கேட்பது பெரிய திட்டமல்ல. ஒவ்வொரு படித்துறையிலும் ஆழம் காட்டும் பலகை, குழிகளைச் சுற்றி மூங்கில் வேலி, ஆற்றோடு வளர்ந்த கரையோர ஊர்க்காரர்களுக்குச் சம்பளத்தோடு வழிகாட்டி வேலை. அடுத்த ஆடிப்பெருக்குக்கு முன் இவ்வளவும் செய்துவிடலாம். அதுவரை, தெரியாத இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள்.