ஃபார்முலா 1: கார் நிறுவனங்கள் ஏன் வருகின்றன, ஏன் போகின்றன?

இந்த ஆண்டு ஃபார்முலா 1 பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வந்திருக்கலாம்.

சௌபர் என்ற பெயரைக் காணோம். அந்த இடத்தில் ஜெர்மனியின் ஆடி கார் நிறுவனம். 11ஆவது அணியாக அமெரிக்காவின் கேடிலாக். ஆஸ்டன் மார்ட்டின் காருக்குள் ஹோண்டா இன்ஜின். ஆமாம், 2021இல் விடைபெற்றுப் போன அதே ஹோண்டாதான்.

ஆல்பீன் அணி பிரான்சின் ரெனோ குழுமத்துக்குச் சொந்தம். ஆனால் அந்த அணியின் காரில் இருப்பதோ மெர்சிடிஸ் இன்ஜின்.

இதெல்லாம் புதுசு இல்லை. 1950இல் உலகப் போட்டி தொடங்கியதிலிருந்து ஒரு பருவம்கூட விடாமல் ஓடிவருவது ஃபெராரி மட்டும்தான். மற்ற கார் நிறுவனங்கள் வரும், போகும், சில நேரம் திரும்பியும் வரும்.

ஏன் இப்படி? அவர்கள் போகும்போது அணியில் வேலை செய்பவர்கள் என்ன ஆகிறார்கள்?

ஹோண்டாவின் கதையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நான்கு முறை போனது, ஐந்து முறை வந்தது

ஹோண்டா கார் விற்கத் தொடங்கியது 1963இல். மறு ஆண்டே ஃபார்முலா 1இல் இறங்கிவிட்டது! மோட்டார்சைக்கிளுக்குப் பெயர்போன ஒரு ஜப்பானிய நிறுவனம், காரும் எங்களுக்கு வரும் என்று உலகத்துக்குக் காட்ட நினைத்தது. 1965இல் மெக்சிகோவில் முதல் வெற்றியும் கிடைத்தது.

1968இல் பிரெஞ்சுப் பந்தயத்தில் ஹோண்டா காரை ஓட்டிய ஜோ ஷ்லெசர் விபத்தில் தீக்கு இரையானார். அந்தப் பருவத்தின் முடிவில் ஹோண்டா கிளம்பியது. சாலைக் கார்களின் புகையைக் குறைக்கும் இன்ஜினை உருவாக்க அதன் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள்.

1983இல் திரும்பி வந்தது. இம்முறை அணியாக அல்ல, பிற அணிகளுக்கு இன்ஜின் தருவதற்கு. அதுதான் ஹோண்டாவின் பொற்காலம். 1986 முதல் 1991 வரை தொடர்ந்து ஆறு முறை ஹோண்டா இன்ஜின் பொருத்திய அணியே பட்டம் வென்றது. 1988இல் நடந்த 16 பந்தயங்களில் 15இல் மெக்லாரன்-ஹோண்டாவுக்கு வெற்றி.

1992 முடிவில் மறுபடியும் கிளம்பியது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் போவார்களா? போவார்கள். அப்போது ஜப்பானின் பொருளியல் சரிந்துகொண்டிருந்தது.

2000இல் மூன்றாவது வருகை, 2008இல் மூன்றாவது வெளியேற்றம். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பவுண்டுக்கு ஓர் அணி

2008 டிசம்பர் 5. உலக நிதி நெருக்கடியில் அமெரிக்காவில் கார் விற்பனை படுத்துவிட்ட நேரம். தோக்கியோவில் ஹோண்டாவின் தலைமை நிர்வாகி தக்கேயோ ஃபுக்குய், ஃபார்முலா 1இலிருந்து நிறுவனம் விலகுவதாக அறிவித்தார்.

இங்கிலாந்தின் பிராக்லி என்ற சிற்றூரில் இருந்த அணியின் தொழிற்கூடத்தில் 700க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அடுத்த பருவத்துக்கான கார் கிட்டத்தட்ட தயார். அந்தக் காருக்காக 2008 பருவத்தையே அவர்கள் கைவிட்டிருந்தார்கள் என்பதுதான் கொடுமை.

வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் அணியின் தலைவர் ராஸ் பிரானும் உடன் இருந்த நிர்வாகிகளும் அதை வாங்கினார்கள். விலை, பெயரளவில் ஒரே ஒரு பவுண்டு.

ஹோண்டா கைகழுவிவிட்டுப் போய்விடவில்லை. அணியை மூடினாலும் ஊழியர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், ஒப்பந்தங்களை முடிக்க வேண்டும். அதற்கு ஆகும் பணத்தைக் கொடுத்தால் அணி இன்னோர் ஆண்டு ஓடும். அந்தப் பணத்தில்தான் பிரான் அணி 2009இல் களமிறங்கியது. ஹோண்டா இன்ஜின் இல்லை. அதனால் காரின் பின்பகுதியை மாற்றி மெர்சிடிஸ் இன்ஜினைப் பொருத்தினார்கள். விளம்பரங்கள் அதிகம் இல்லாத வெள்ளைக் கார்.

மெல்பர்னில் நடந்த முதல் பந்தயத்தில் முதலிடமும் இரண்டாம் இடமும் அந்த அணிக்கே! முதல் ஏழு பந்தயங்களில் ஆறை ஜென்சன் பட்டன் வென்றார். ஆண்டு முடிவில் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் பிரானுக்கு.

இந்தக் கதையை விளையாட்டு ரசிகர்கள் சினிமா மாதிரி சொல்வார்கள். ஆனால் அதில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு. கார் ஜெயித்துக்கொண்டிருந்த அதே காலக்கட்டத்தில் பிராக்லியில் சுமார் 270 பேர் வேலையிழந்தார்கள். ஹோண்டாவின் பணத்துக்கு ஏற்ற அளவில் வளர்ந்திருந்த அணியை, ஹோண்டா இல்லாமல் அதே அளவில் நடத்த முடியவில்லை.

2009 நவம்பரில் மெர்சிடிஸ் அந்த அணியை வாங்குவதாக அறிவித்தது. 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிப் பட்டம் வென்றதும் அதே பிராக்லி தொழிற்கூடம்தான். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

கார் நிறுவனம் வந்து போகும் வாடகைதாரர் மாதிரி. வீடு இருக்கும், அங்கே வேலை செய்பவர்களில் பலரும் இருப்பார்கள். இங்கிலாந்தின் என்ஸ்டனில் இருக்கும் இன்னொரு தொழிற்கூடமும் அப்படித்தான். பெனட்டன், ரெனோ, லோட்டஸ், மறுபடி ரெனோ, இப்போது ஆல்பீன் என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பந்தயத்தில் தோற்றால்தான் போவார்களா?

அப்படிச் சொல்ல முடியாது. தோல்வி ஒரு காரணம்தான். ஆனால் முடிவு எடுக்கப்படுவது பந்தயத் தடத்தில் அல்ல, நிர்வாகக் குழுக் கூட்டத்தில். அங்கே யாரும் நிறுத்துகடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் காலாண்டில் எத்தனை கார் விற்றது என்று பார்ப்பார்கள்.

சிங்கப்பூர் ரசிகர்களுக்கு நினைவிருக்கலாம். 2009 செப்டம்பரில் மரீனா பேயில் டொயோட்டாவின் டீமோ குளோக் இரண்டாவதாக வந்தார். அடுத்த வாரம் ஜப்பானின் சுசுக்காவில் அதே அணியின் யார்னோ டிரூலியும் இரண்டாவது. அணி மேலே வருகிற மாதிரிதான் தெரிந்தது.

நவம்பர் 4ஆம் தேதி டொயோட்டா விலகலை அறிவித்தது. செய்தியாளர் கூட்டத்தில் அணித்தலைவர் தடாஷி யமாஷினா கண்ணீர் விட்டார். எட்டுப் பருவங்கள், ஒரு வெற்றிகூட இல்லை. ஆனால் அதைவிட முக்கியம், அந்த ஆண்டு மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் டொயோட்டா 400 பில்லியன் யென்னுக்கு மேல் நட்டம் காட்டியிருந்தது.

அதற்குச் சில மாதம் முன்பு, ஜூலையில் பிஎம்டபிள்யூவும் போவதாகச் சொல்லிவிட்டது. ஓராண்டுக்குள் மூன்று பெரிய நிறுவனங்கள்!

மலேசியாவுக்குக் கிடைத்த இடம்

பிஎம்டபிள்யூ விட்டுச்சென்ற இடம் எங்கே போனது தெரியுமா? மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸ் தலைமையிலான லோட்டஸ் அணிக்கு. லோட்டஸ் கார் நிறுவனம் அப்போது மலேசியாவின் புரோட்டோனுக்குச் சொந்தமாக இருந்தது.

2010இல் அந்த அணி களமிறங்கியபோது இங்கே இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் மறு ஆண்டே லோட்டஸ் பெயர் யாருக்கு என்று வழக்கு வந்தது. பெயர் கேட்டர்ஹாம் என்று மாறியது. 2014இல் அணி கைமாறி, பணம் தீர்ந்து, கடைசிப் பந்தயத்துக்கு ரசிகர்களிடம் இணையத்தில் நிதி திரட்டி ஓடியது. ஐந்து பருவங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பெரிய கார் நிறுவனத்தின் பணம் பின்னால் இல்லாத அணிக்கு, வாங்க ஆள் வராவிட்டால், பெயர்ப்பலகையோடு வீடும் போய்விடும்.

மலேசியப் பெயர் நிலைத்தது வேறு வழியில். பெட்ரோனாஸ் அணி நடத்தவில்லை. 2010 முதல் மெர்சிடிஸுக்கு ஆதரவாளராகவும் எரிபொருள், எண்ணெய் தருபவராகவும் இருக்கிறது. அதுவே புத்திசாலித்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

போயும் போகாத ஹோண்டா

2015இல் ஹோண்டா நான்காவது முறையாக வந்தது. மெக்லாரனுடன் பழைய பொற்காலம் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. ஹோண்டாவுக்குச் சொந்தமான சுசுக்கா தடத்திலேயே, ஃபெர்னாண்டோ அலோன்சோ வானொலித் தொடர்பில் அந்த இன்ஜினைக் கீழ்நிலைப் போட்டியின் இன்ஜினோடு ஒப்பிட்டுப் புலம்பினார். உலகமே கேட்டது.

பிறகு ரெட் புல் அணியோடு சேர்ந்து மெல்ல மேலே வந்தது. சரியாக அந்த நேரத்தில், 2020 அக்டோபரில், மறுபடியும் விலகல் அறிவிப்பு. கரிமமற்ற கார்களை உருவாக்கப் பொறியாளர்கள் தேவை என்பது காரணம். 1968இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், இல்லையா?

2021இன் கடைசிப் பந்தயத்தில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் பட்டம் வென்றார். ஹோண்டா வெற்றியோடு விடைபெற்றது. ஆனால் இன்ஜின்கள் நிற்கவில்லை. ரெட் புல்லுக்காக 2025 வரை ஜப்பானில் ஹோண்டாவின் பந்தயப் பிரிவே அவற்றைச் செய்து கொடுத்தது. 2023இல் ரெட் புல் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. நழுவிய அந்த ஒன்று எது? நம் சிங்கப்பூர்தான்.

ரெனோவின் ஊழியர்கள்

எல்லா விலகலும் பட்டத்தோடு முடிவதில்லை. பாரிஸுக்குப் பக்கத்தில் விரி-ஷட்டியோன் என்ற ஊரில் ரெனோவின் இன்ஜின் தொழிற்கூடம் இருக்கிறது. 1977இல் ஃபார்முலா 1க்கு டர்போ இன்ஜினைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். புகைவிட்டு நின்ற அந்த முதல் காரை மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று கேலி செய்தார்கள். சில ஆண்டுகளில் எல்லாருமே டர்போவுக்கு மாறினார்கள்.

அந்த இன்ஜின் திட்டத்தை 2025ஓடு நிறுத்துவதாக ரெனோ 2024 செப்டம்பரில் உறுதிசெய்தது. சொந்தமாகச் செய்வதைவிட மெர்சிடிஸிடம் வாங்குவது மலிவு. கணக்கு சரிதான். ஆனால் அதற்கு முந்தைய மாதம், இத்தாலியின் மோன்ஸா பந்தயத்துக்கு அந்த ஊழியர்கள் பதாகையோடு வந்து அமைதியாக நின்றார்கள். வேறு வேலை தருவதாக நிறுவனம் சொன்னது. பந்தய இன்ஜின் செய்தவருக்கு வேறு வேலை என்றால் எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது ஏன் எல்லாரும் வருகிறார்கள்?

இரண்டு காரணங்கள் முக்கியம்.

முதலாவது, பணம். 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 145 மில்லியன் அமெரிக்க டாலர், ஓட்டுநர் சம்பளம் போன்றவை தனி. அதற்குமுன் பெரிய நிறுவனங்கள் அள்ளி இறைத்தன. இப்போது அணிகளே மதிப்புமிக்க சொத்து ஆகிவிட்டன. ஒரு பவுண்டுக்கு அணி கிடைத்த காலம் போய்விட்டது. கேடிலாக் நுழைவதற்கு மட்டும் 450 மில்லியன் டாலர் கட்டணம் என்று செய்திகள் கூறின.

இரண்டாவது, இந்த ஆண்டு நடப்புக்கு வந்த புதிய இன்ஜின் விதிகள். காரின் சக்தியில் கிட்டத்தட்ட பாதி மின்சாரத்திலிருந்து வருகிறது. எரிபொருளும் பூமிக்கடியில் தோண்டி எடுத்த எண்ணெய் அல்ல. புகைபோக்கியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்த ஒரு சிக்கலான சாதனத்தையும் நீக்கிவிட்டார்கள். அதைச் செய்யத் தெரியாத புதியவர்கள் அதுவரை உள்ளே வரத் தயங்கினார்கள்.

ஆடி வந்ததும் ஹோண்டா ஐந்தாவது முறை திரும்பியதும் இந்த விதிகளை நம்பித்தான். ஃபோர்டு ரெட் புல்லின் இன்ஜின் பிரிவோடு கைகோத்திருக்கிறது. கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், இப்போதைக்கு ஃபெராரி இன்ஜின் வாங்கி ஓட்டினாலும், இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சொந்த இன்ஜினைக் கொண்டுவரத் திட்டமிடுகிறது.

ஆக, விதி மாறினால் ஆளும் மாறலாம். புதிய இன்ஜின் விதிகள் 2030 வரை என்று வகுக்கப்பட்டவை. ஆனால் அவை நடப்புக்கு வருமுன்பே, 2025இல், அனைத்துலக வாகன விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவர் முகமது பென் சுலாயெம் பழையபடி சத்தம் போடும் பெரிய இன்ஜின்களுக்குத் திரும்புவது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். ரசிகர்களில் பலருக்கு அது இனிப்பான செய்தி. மின்சாரத்தை நம்பிப் பணம் போட்ட ஆடிக்கும் ஹோண்டாவுக்கும் அது அப்படிப் படவில்லை.